அட்டகாமா கற்பித்த பாடம்

வாரம் தவறாமல் மழை பெய்யும் நாட்டில் வளர்ந்தவன் நான். ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர்களும் உலகில் உள்ளன என்று பள்ளியில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. அத்தகைய ஊர்கள் உள்ள அட்டகாமா பாலைவனத்தை நேரில் காண வேண்டும் என்ற ஆசை அன்றே எனக்குள் முளைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, நண்பர் ஒருவருடன் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு அங்குச் சென்றேன்.

அட்டகாமா, தென் அமெரிக்காவின் சிலி நாட்டின் வடபகுதியில் உள்ளது. துருவப் பகுதிகளைத் தவிர்த்துப் பார்த்தால், உலகிலேயே மிக வறண்ட பாலைவனம் இதுவே. கிழக்கே உள்ள ஆண்டீஸ் மலைத்தொடர், அமேசான் பகுதியிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்துவிடுகிறது. மேற்கே பசிபிக் கடலோரமாக ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. அதனால் கடற்கரையில் மூடுபனி படர்கிறதே தவிர, மழைமேகம் திரள்வதில்லை.

கலாமா நகரிலிருந்து பேருந்தில் புறப்பட்ட நாங்கள், சான் பெட்ரோ டி அட்டகாமா என்னும் சிற்றூரை அடைந்தோம். அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மண்சுவர் வீடுகளும் புழுதி படிந்த தெருக்களும் எங்களை வரவேற்றன. தொலைவில் லிக்கன்காபூர் எரிமலை கூம்பு வடிவில் நிமிர்ந்து நின்றது.

எல் தாத்தியோ என்னும் இடத்தில் உள்ள கொதிநீர் ஊற்றுகளைக் காண்பதே எங்கள் முதன்மை நோக்கம். அவை ஏறத்தாழ 4300 மீட்டர் உயரத்தில் உள்ளன. நம் கினபாலு மலையின் உச்சிகூட 4095 மீட்டர்தான்! “முதலில் இரண்டு, மூன்று நாள் இங்கேயே தங்குங்கள். உடல் பழகிய பிறகு மேலே செல்லுங்கள்,” என்று விடுதியை நடத்திய மூதாட்டி அறிவுறுத்தினார்.

“நமக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. ஓய்வெடுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார் நண்பர். மூதாட்டி சொன்னது சரி என்று என் மனத்துக்குப் பட்டது. ஆயினும், நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கே சிற்றுந்தில் புறப்பட்டோம். மேலே ஏற ஏற நண்பர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தலை வலிப்பதாகச் சொன்னவர், சற்று நேரத்தில் வாந்தி எடுத்தார். வண்டியைவிட்டு இறங்கியபோது அவருடைய கால்கள் தள்ளாடின. அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். எனவே, ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. “இதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான்,” என்று சொன்ன வழிகாட்டி, எங்களை உடனே வேறொரு வண்டியில் அனுப்பி வைத்தார். ஊற்றுகளைச் சரியாகப் பார்க்காமலே திரும்பினோம். வழிநெடுக நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, நேற்று நான் காத்த மௌனமே பெரும் உறுத்தலாக இருந்தது.

கீழே இறங்கியதும் நண்பர் மெல்லத் தேறினார். மூதாட்டி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சூடான சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு அவசரத்தைக் கைவிட்டோம். மூன்றாம் நாள், நிலவுப் பள்ளத்தாக்கில் உப்பும் களிமண்ணும் கலந்த குன்றுகளிடையே மெதுவாக நடந்தோம். எங்கள் பைகளில் துணிமணிகளைவிடத் தண்ணீர்ப் புட்டிகளே கனத்தன. நான்காம் நாள், உப்புப் படுகையின் நடுவே இருந்த ஏரியில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடுவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

நண்பர் நன்கு குணமடைந்ததை உறுதிசெய்துகொண்டு, ஐந்தாம் நாள் மீண்டும் எல் தாத்தியோவிற்கு ஏறினோம். உறையும் குளிரில் நிலத்திலிருந்து வெண்ணிற நீராவித் தூண்கள் எழுந்தன. காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கு நீர் ஏறத்தாழ 86 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. கற்களை அடுக்கி வகுத்திருந்த எல்லையைத் தாண்டாமல் நின்று, அக்காட்சியைக் கண் குளிரக் கண்டோம்.

“அன்றைக்கே நீ என்னைத் தடுத்திருக்கலாம்,” என்றார் நண்பர் சிரித்துக்கொண்டே.

“தடுத்திருக்க வேண்டும்,” என்றேன் நான்.

துணிவு இருந்தால்தான் பயணத்தைத் தொடங்க முடியும். ஆனால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கும், உடன் வருபவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கும் அதைவிடக் கூடுதல் துணிவு தேவை. அட்டகாமாவிலிருந்து நான் கொண்டுவந்தது அந்தப் பாடத்தைத்தான்.

சிந்தித்துக் கூறுக
1. கட்டுரையாளர் தம் மௌனத்தை எண்ணி வருந்தியது ஏன்?
2. நண்பர் தவறான முடிவெடுக்கும்போது, அவர் மனம் புண்படாமல் எவ்வாறு தடுப்பீர்?