சிசிலிக்காரர்களின் மேடுத் தையல்

சிசிலித் தீவில் 1360–1400 வாக்கில் தைத்த ‘டிரிஸ்டன் கில்ட்’ என்ற பஞ்சு விரிப்பு இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டு லினன் துணிகளைச் சேர்த்து, உருவங்களின் ஓரத்தைத் தைத்து, பஞ்சு அடைத்த அற்புதமான வேலை.

வீட்டில் செய்து பார்க்கப் பழைய பருத்தி வேட்டி போதும். வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே தையுங்கள். பின்னால் சுருங்கினால் உழைப்பு வீண். முதலில் தலையணை உறையில் ஒரே ஒரு மாங்காய் உருவம். அடித்துணி நெருக்கமில்லாத நெசவாக இருக்கட்டும். உருவத்தின் ஓரத்தைத் தைத்ததும், மழுங்கிய ஊசியால் அடித்துணியின் இழைகளை விலக்கி, பஞ்சைச் சிட்டிகை சிட்டிகையாகத் தள்ளுங்கள். மூலைகளை முதலில் நிரப்புங்கள். பிறகு நகத்தால் நீவினால் இழைகள் கூடிவிடும். அதிகம் திணித்தால் சுற்றியுள்ள துணி இழுத்துச் சுருங்கும். உருவம் விரலில் மேடாகத் தட்டுப்படும்போது வரும் சந்தோஷம் தனி! கழுத்து வலி உள்ளவர்கள் மடியில் தலையணை வைத்துத் தைக்கலாம்.