ஏரிக்கரைக் கோட்டையும் கிழிந்த ஓவியமும்

சரித்திரம் என்றாலே ராஜாக்கள், போர்கள், வருஷங்கள் என்று நம் குழந்தைகள் முகம் சுளிக்கிறார்கள். இம்முறை ஒரு சிறிய ஊரை எடுத்துக்கொள்வோம். அதன் கதையில் போரும் உண்டு. பிழைப்புக்காக வெளியூர் போய்த் திரும்பிய ஒரு மனிதரும் உண்டு. அவர் நமக்கு வேண்டியவர்.

வட இத்தாலியில் கார்டா ஏரி இருக்கிறது. சுமார் 370 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இதுவே அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி. வடக்கே மலைகளுக்கு நடுவே ஒடுங்கியும், தெற்கே அகன்றும் கிடக்கிறது. அதன் கிழக்குக் கரையில், பால்டோ மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் மால்சேசினே. நீரை ஒட்டிய பாறைமேல் நிற்கும் கோட்டை, வெரோனாவை ஆண்ட ஸ்காலிகெர் குடும்பத்தின் பெயரால் வழங்குகிறது. பின்னர் 1405 முதல் 1797 வரை ஊர் வெனிஸ் குடியரசின் கீழ் இருந்தது.

இந்த ஏரிக்காக நடந்த போர்களில் ஒரு விந்தை உண்டு. 1439-ல் மிலானுடன் போரிட்ட வெனிஸ், தன் கப்பல்களை அடிஜே ஆற்றிலிருந்து கரையேற்றி, மலைக் கணவாய் வழியாக எருதுகளைப் பூட்டி இழுத்துவந்து, மால்சேசினேக்கு வடக்கே உள்ள தோர்போலேயில் ஏரியில் இறக்கியது. மலையேறிய கப்பல்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். காளிதாசனின் சாகுந்தலத்தை 1791-ல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்துப் பாராட்டிக் கவிதை எழுதிய கதேயை நம்மில் பலர் அறிவோம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1786 செப்டம்பரில், அவர் தோர்போலேயிலிருந்து படகில் தெற்கே போனார். எதிர்காற்று அடித்ததால் மால்சேசினேயில் இறங்க நேர்ந்தது. சும்மா இருப்பானேன் என்று, பாழடைந்து கிடந்த கோட்டைக்குள் உட்கார்ந்து பழைய கோபுரத்தை வரையத் தொடங்கினார்.

கூட்டம் கூடியது. ஒருவர் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். ஊர் அதிகாரி வந்தார். மால்சேசினே அப்போது வெனிஸின் எல்லை ஊர். அண்டையில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆதிக்கம். கோட்டையை வரைபவன் ஒற்றன்தான் என்பது அவர்கள் எண்ணம். "இது வெறும் இடிபாடு" என்றார் கதே. "இடிபாட்டை வரைய என்ன இருக்கிறது?" என்றார்கள். கேள்வியும் நியாயமாகத்தான் இருந்தது!

தாம் பிராங்பர்ட் நகரத்துக்காரர் என்று கதே சொன்னதும், கூட்டத்திலிருந்த ஒரு பெண், அந்த ஊரில் வேலை பார்த்துத் திரும்பிய கிரிகோரியோவைக் கூப்பிடச் சொன்னாள். கிரிகோரியோ வந்து, பிராங்பர்ட்டில் வாழ்ந்த இத்தாலியக் குடும்பங்களைப் பற்றி விசாரித்தார். கதே ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். கிரிகோரியோவின் முகம் மலர்ந்தது. "இவர் நல்ல மனிதர், போக விடுங்கள்" என்று அதிகாரியிடம் எடுத்துச் சொன்னார். கதே விடுதலையானார்.

சந்தேகம் அத்துடன் தீர்ந்தது. ஆனால் எல்லை தீரவில்லை. 1866-ல் மால்சேசினே இத்தாலியுடன் சேர்ந்தது. தோர்போலேயோ 1918 வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது. முதல் உலகப்போரில் ஒரே ஏரியின் இரு ஊர்களும் எதிரி நாடுகள்.

இரண்டாம் உலகப்போரின் கடைசி நாட்களில், 1945 ஏப்ரலில், அமெரிக்காவின் 10-வது மலைப் படைப்பிரிவு இந்தக் கரை வழியாக வடக்கே முன்னேறியது. பின்வாங்கிய ஜெர்மானியர் பாதையின் சுரங்க வழிகளை வெடிவைத்துத் தகர்த்தனர். அமெரிக்கர்கள், நிலத்திலும் நீரிலும் ஓடும் லாரிகளில் ஏரி வழியே அவற்றைச் சுற்றிச் சென்றனர். அன்று கப்பல் மலையேறியது. இன்று லாரி நீரில் மிதந்தது. ஏப்ரல் 30 அன்று தோர்போலேயில் குண்டுச் சிதறல் பட்டு கர்னல் வில்லியம் டார்பி இறந்தார். அன்றிரவே 25 வீரர்களுடன் சென்ற ஒரு லாரி ஏரியில் மூழ்கியது, பிழைத்தவர் ஒருவரே. இத்தாலியில் போர் ஓய்ந்தது மே 2-ல். இரண்டே நாள்! மூழ்கிய அந்த லாரி 2012-ல்தான் ஏரியின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்று அந்தக் கோட்டையில் கதேயின் நினைவாக ஓர் அறை இருக்கிறது. ஒற்றன் என்று பிடிக்கப்பட்டவருக்கு அதே இடத்தில் மரியாதை! கிரிகோரியோவுக்குச் சிலை இருக்கிறதோ இல்லையோ, அவரை நாம் மறக்கலாகாது. அயலூரில் வாழ்ந்து பார்த்தவருக்குத்தான் அயலாரின் தவிப்பு புரிந்தது. நம் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வரும்போது, மொழி தெரியாமல் விழிக்கும் அவர்களுக்காக முதலில் பேச வேண்டியவர்கள் நாமல்லவா?

குழந்தைகளுக்குச் சில கேள்விகள்:
1. கோட்டையை வரைந்தவரை ஊரார் ஏன் சந்தேகித்தனர்?
2. 1439-லும் 1945-லும் நடந்தவற்றில் என்ன ஒற்றுமை?
3. உங்கள் தாத்தா, பாட்டி இந்த ஊருக்கு வந்தபோது அவர்களுக்காகப் பேசிய கிரிகோரியோ யார்? கேட்டு எழுதுங்கள்.