ஏப்ரலுக்கு முன்பே கேட்க வேண்டியது

பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனியொன்றில் பத்தாண்டுக் காலம் மென்பொருள் எழுதித் தேர்ந்த ஒருவர், ஏப்ரல் மாதத்தில் ஊதிய உயர்வுக் கடிதத்தைத் திறந்து பார்த்து மனம் குமைந்து, மறுநாள் மேலாளரிடம் வாதிடச் செல்வது வருஷந்தோறும் நடக்கும் காட்சி. கடிதத்திலுள்ள தொகையோ, குழுவுக்கு ஒதுக்கிய நிதியைப் பங்கிட்ட அன்றே, பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்னரே, நிச்சயமாகிவிட்டிருக்கும். ஆகையால் பிரயத்தனத்தை ஐப்பசியிலேயே தொடங்குவது உசிதம்.

முதற்காரியம், தம் சம்பளம் இன்னதென்று தெரிந்துகொள்வது. இதென்ன வேடிக்கை என்று தோன்றலாம். தெரியாதவரே அதிகம் என்பது என் அபிப்பிராயம். சி.டி.சி., அதாவது நிறுவனம் ஒருவருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 24 லட்சம், மாதம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து சதவீதம் வேரியபிள் என்றால் 20,000 ரூபாய், ஸ்தாபனத்தின் லாபநஷ்டத்தைப் பொறுத்து வந்தால் வரும். அடிப்படைச் சம்பளம் 1 லட்சமாகி, அதன் முழுமைக்கும் பி.எஃப். பிடித்தால், நிறுவனத்தின் பங்கான 12,000 ரூபாயும் இந்த இரண்டு லட்சத்துக்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி என்று 4,810 ரூபாய்; வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளத்தை மாதம் 26 நாள் என்ற கணக்கில் வகுத்து வந்த 4.81 சதவீதம் இது. பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கே அது கைக்குக் கிட்டும். இவை போக மிஞ்சும் 1,63,190-லிருந்துதான் தம் பங்கு பி.எஃப்.பும் வருமான வரியும் கழிய வேண்டும். எனவே பேரம் பேசுகையில் மொத்தத் தொகையை விட்டு, ‘ஃபிக்ஸட்’ எவ்வளவு என்பதையே பற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம். வாரம் ஒரு முறை, செய்த வேலையை அதன் பயனோடு சேர்த்து எழுதி வருக. ‘பேமெண்ட் சர்வீஸைத் திருத்தினேன்’ என்பது பிரயோஜனமற்ற வாக்கியம். அது முன்பு எத்தனை விநாடி எடுத்தது, இப்போது எத்தனை, அதனால் எத்தனை சர்வர்கள் மிச்சமாயின என்பதே எழுதத் தக்கது. நள்ளிரவில் புரொடக்‌ஷன் விழுந்தபோது யாரை எழுப்பினார்கள் என்பதையும் குறித்து வைக்கலாம். அத்தகைய உபகாரங்களை அலுவலகம் வெகு சீக்கிரம் மறந்துவிடும்.

தை பிறந்ததும், புத்தகத்தோடு மேலாளரிடம் தனியாக அமர்ந்து, “எட்டு மாதமாக லீட் வேலையைத்தான் பார்க்கிறேன், பதவியும் அதற்குரிய ஊதியமும் இந்தச் சுற்றிலேயே வர வேண்டும், என்னிடம் இன்னும் என்ன குறை என்று சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு மௌனமாக இருக்க வேண்டும். நம்மவருக்கு இந்த மௌனந்தான் கஷ்டம். கூச்சத்தில் வீட்டுக் கடனையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவை நியாயமான கவலைகளே, ஆயினும் ஊதியத்துக்கு ஆதாரங்களாகா. பதவி உயர்வை வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு: அதே படிநிலையில் இருந்துகொண்டே எவ்வளவு கேட்டாலும் அதற்கென விதித்த உச்சவரம்பு தடுத்துவிடும்.

மறுமொழி மழுப்பலாக இருப்பின் வெளியே பார்க்க வேண்டியதுதான். கோடிங், சிஸ்டம் டிசைன் இரண்டுக்கும் மாலைப் பொழுதுகளில் மூன்று மாதம் பயிற்சி செய்தபின் நேர்காணலுக்குச் செல்க. முதல் தொலைபேசியிலேயே ‘இப்போது என்ன வாங்குகிறீர்கள்?’ என்பார்கள். பொய் வேண்டாம், பின்னால் சம்பளச் சீட்டையும் ஃபார்ம் 16-ஐயும் கேட்பார்கள். “இந்தப் பணிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை எவ்வளவு?” என்று முந்திக்கொண்டு கேட்பதில் பாதகமில்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் வேலை தருவோர் பலர் தயங்குவர்; எஞ்சிய நாட்களுக்குப் பணம் கட்டி ஈடுகட்ட முடியுமா என்பதை நியமன ஆணையில் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

புது ஆஃபர் வந்ததும் மேற்சொன்ன கணக்கை அதற்கும் போடுக. ஜாயினிங் போனஸ் பெரும்பாலும் ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டியது; பங்குகள் பெரும்பாலும் நான்காண்டில் சிறிது சிறிதாகச் சேர்பவை. இரண்டையும் மாதச் சம்பளமாக எண்ணக் கூடாது. நாலரை ஆண்டு முடித்தவர், கிராஜுவிட்டிக்கு எஞ்சிய மாதங்களையும் யோசிப்பது நலம்.

ராஜினாமாக் கடிதம் கண்டபின் பழைய ஸ்தாபனம் திடீரென்று அதே தொகையைத் தர முன்வரக்கூடும். ஏற்பவர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அதை எழுத்து மூலமாக, தேதியிட்டு வாங்கிக்கொண்ட பிறகே புது நிறுவனத்துக்கு மறுப்பு அனுப்ப வேண்டும்.