வண்டிக்கு அடியில் போகும் முன்

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஓராண்டோ மோட்டார் வாகன மெக்கானிக் ஈராண்டோ முடித்துவிட்டு, சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஒரு டிரைலர் பட்டறையில் சேர்கிறீர்கள். முதல் வாரம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதிலேயே போய்விடும். அப்புறம் ஒரு நாள் கமான் பட்டை உடைந்த டிரைலர் ஒன்று வந்து நிற்கும். அடியில் யார் போவது? பட்டறையில் ஒல்லியானவர் யார், புதியவர் யார் என்று பார்ப்பார்கள். அதாவது நீங்கள்தான்.

அப்போது வாயில் வர வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "முட்டு வெச்சாச்சுங்களாண்ணா?"

கேட்கக் கூச்சமாக இருக்கும். மேஸ்திரி இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவர். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று மணி பார்த்துக்கொண்டிருப்பார். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிடுமோ என்று தோன்றும். அப்படியானால் வாயால் கேட்காமல் கையால் கேளுங்கள். ஜாக்கி எடுத்து வரச் சொன்னால், ஸ்டாண்டுகளையும் கட்டைகளையும் சேர்த்தே கொண்டுவந்து போட்டுவிடுங்கள். வந்து சேர்ந்த பொருளைத் திருப்பி அனுப்ப யாரும் மெனக்கெடுவதில்லை.

ஜாக்கியை ஏன் நம்பக் கூடாது? ஆயில் சீல் தேய்ந்தால் அது மெதுவாக இறங்கும். அதையாவது கண்ணால் பார்க்கலாம். சாய்ந்து நழுவுவதுதான் ஆளை அடிப்பது. டிரைலரை ஒரு பக்கம் மட்டும் தூக்கும்போது சேஸ் நேராக மேலே வருவதில்லை. எதிர்ப்பக்க டயரை ஊன்றிக்கொண்டு சாய்ந்தபடி எழும்புகிறது. ஜாக்கியின் தலையும் அதோடு இழுபடும். பாட்டில் ஜாக்கி நேர் பாரத்துக்குச் செய்தது. பக்கவாட்டு இழுப்பை அது தாங்காது. ஆகவே கொஞ்சம் தூக்கி ஸ்டாண்டை ஏற்றுங்கள், மறுபக்கம் போய்க் கொஞ்சம் தூக்குங்கள். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும் என்பதால் நடுவில் ஒரு பலகைத் துண்டு இருக்கட்டும்.

கீழே என்ன தரை என்றும் பாருங்கள். சித்திரை வெயிலில் தார் இளகி ஜாக்கியின் அடியை விழுங்கும். மழைக்குப் பிறகு மண் தரையும் அப்படித்தான். அகலமான ஸ்லீப்பர் கட்டை போடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். மரம் உடையும் முன் முனகும், கல் சொல்லாமல் நொறுங்கும்.

சரக்கை இறக்காமலே வேலை பார்க்கச் சொல்வார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். மூன்று ஆக்ஸில் கூட்டுக்கு 2018 முதல் சட்டம் அனுமதிப்பது 27 டன். அதற்கு முன் 24. ஒரு பக்கத்தை முழுதாகத் தூக்கினால் 13 டன்னுக்கு மேல் வரும். 20 டன் ஜாக்கி தூக்கிவிடும், சரி. கார் பட்டறையில் இரவல் வாங்கிய ஸ்டாண்டில் எழுதியிருப்பது 3 டன்தானே? இந்தக் கணக்கை முதலாளியிடமும் சொல்லலாம். எண்ணைச் சொல்கிறவனைப் பயந்தவன் என்று யாரும் சொல்வதில்லை.

டிரைலரை இழுக்கும் லாரியிலிருந்து கழற்றி, முன்கால்களில் மட்டும் நிறுத்திவைத்துப் பின்பக்கத்தைத் தூக்காதீர்கள், கால் மடங்கும். லாரியோடு பூட்டியே இருக்கட்டும், சாவி மட்டும் அடியில் போகிறவர் பையில் இருக்கட்டும். டிரைவர் பாட்டுக் கேட்க கேபினில் ஏறுவார், பழக்க தோஷத்தில் வண்டியைக் கிளப்பியும் விடுவார். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பிரேக் பிடித்திருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், அந்த பிரேக்கையே கழற்ற வேண்டி வரலாம்.

தூக்க வேண்டியது சேஸை, ஆக்ஸிலை அல்ல. ஆக்ஸிலின் நடுவில் ஜாக்கி கொடுத்தால் குழாய் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது, டயர் ஒரு ஓரமாகத் தேயும்போதுதான் தெரியும். டயர் தரையிலேயே இருக்க, கமானிலிருந்து பாரம் விடும்வரை சேஸை உயர்த்துங்கள். ஆக்ஸில் உருளாதபடி தனியாக முட்டுக் கொடுங்கள். அதன் பிறகுதான் யூ போல்ட்டில் ஸ்பேனர். பாரம் இருக்கும்போதே நட்டைத் தளர்த்தினால் பட்டை துள்ளி முகத்துக்கு வரும். சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைகளைச் சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் இன்னொரு வில்லங்கம்: பைப்பைக் கழற்றிய நொடியில் காற்று இறங்கி சேஸ் தலைமேல் உட்காரும். ஸ்டாண்ட் முதலில், பைப் பிறகு.

வேலையில் சேரும்போது கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: இ.எஸ்.ஐ. இருக்கிறதா? பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் இருந்தாக வேண்டும். வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே அதில் உரிமை உண்டு.

வேலை முடிந்து வண்டியை இறக்கும்போது ஜாக்கியின் வால்வைச் சற்றே திருப்பி, மெதுவாக இறக்குங்கள். புதுப் பட்டை பாரத்தோடு ஓடியதும் அமுங்கும், யூ போல்ட் தளரும்; ஒரு நடை போய் வந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். டிரைவரிடம் சொன்னால் "வர்றப்போ பாத்துக்கலாம் தம்பி" என்பார். பில்லில் எழுதிக் கொடுங்கள். அவர் நம்பரைக் குறித்துக்கொண்டு, வண்டி திரும்பும் நாளில் நீங்களே கூப்பிடுங்கள்.