அணை நீரும் வீட்டுக்கடன் வட்டியும்

நுழையும்முன்

திருநெல்வேலியில் நாளிதழைப் பிரிப்போர் பலர் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத் தேடிப் பார்ப்பர். 143 அடி உயரம் கொண்ட அவ்வணையில் நீர் பெருகினால் கடைமடை உழவருக்கும் நம்பிக்கை பிறக்கும். அதே நாளிதழின் வணிகப் பக்கச் செய்தியும் வீட்டைத் தொடுவதே. அது வந்து சேரும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

செய்தி பாயும் வழி

அணையில் திறக்கப்படும் நீர் தாமிரபரணியில் இறங்கிக் கால்வாய்களின் வழியே வயலை அடைகிறது. வட்டிக்கும் இத்தகைய வழி உண்டு. வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் வழங்கும் வட்டி, ரெப்போ விகிதம் எனப்படும். அதனை ஆறு உறுப்பினர் கொண்ட பணக்கொள்கைக் குழு முடிவு செய்கிறது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டளவில் நிறுத்துவது அதன் இலக்கு. விலைவாசி எல்லை மீறினால் வட்டி உயரும். தொழில் தளர்ந்தால் வட்டி குறையும்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரெப்போ போன்ற புற அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட்டுள்ளன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் அவ்வட்டி திருத்தப்படும்.

தொலைவில் போர், அருகில் தவணை

பெருந்தொற்றால் தொழில்கள் முடங்கிய 2020 மே மாதத்தில் ரெப்போ 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நாட்டிற்குத் துயரமான செய்தி, கடன் பெற்றோரின் வட்டியைக் குறைத்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய் விலைகள் ஏறின. ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. மே 4 அன்று உயரத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.50 விழுக்காடாயிற்று.

பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்று, இவ்வுயர்வுக்குச் சற்று முன்னர் 20 இலட்சம் ரூபாயை 7 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றது எனக் கொள்க. மாதத் தவணை ஏறத்தாழ 15,506 ரூபாய். ரெப்போவுடன் வட்டியும் 2.5 விழுக்காடு கூடி 9.5 ஆகிறது. அசல் 19,75,000 ரூபாயாகக் குறைந்திருந்தாலும் ஒரு மாத வட்டி மட்டுமே 15,635 ரூபாய். பழைய தவணையையே செலுத்தினால் கடன் தேயாது, வளரும்.

உரிமையும் விழிப்பும்

இந்நிலையைத் தவிர்க்க, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. வட்டி திருத்தப்படும்போது தவணையைக் கூட்டுதல், காலத்தை நீட்டித்தல், முன்கூட்டியே ஒரு பகுதியைச் செலுத்துதல் ஆகிய வழிகள் கடன் பெற்றவருக்குத் தரப்பட வேண்டும். கால நீட்டிப்பால் கடன் வளரும் நிலை நேரக்கூடாது.

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை மூன்று முறை குறைக்கப்பட்ட ரெப்போ, 5.50 விழுக்காட்டுக்கு இறங்கியது. அத்தகைய காலத்தில் பழைய தவணையைக் குறைக்காது செலுத்துவோரின் கடன் விரைவில் தீரும்.

அணை திறக்கும் செய்தி கேட்டதும் உழவர் தம் வாய்க்காலைச் சென்று பார்ப்பார். கடன் பெற்றோரும் ரெப்போ செய்தி கேட்டதும் தம் கடன் கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

ஒரு வாரப் பொருளாதாரச் செய்திகளைத் தொகுத்து, அவை வட்டியை உயர்த்துமா, குறைக்குமா எனக் காரணத்துடன் எழுதுக.