மைதானத்துக்குப் போகும் பிள்ளை

மாலை நேரம். கார்வேட்டிநகரத்தில் வெயில் தணிந்துவிட்டது. புஷ்கரிணிப் படிகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒருவன் தெலுங்கில் கத்துகிறான். இன்னொருவன் தமிழில் பதில் சொல்கிறான். பந்துக்கு இரண்டு மொழியும் தெரியும் போலிருக்கிறது.

அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு வயது 13. நன்றாக ஓடுகிறாள். ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டு வருகிறாள். மண்டல அளவில் ஓட்டப் போட்டி. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா கேட்கிறார்: "விளையாட்டு சோறு போடுமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. தாளை வாங்கிக் கொள்கிறாள். முன்பு என்றால் கைநாட்டு வைத்துக் கொடுத்திருப்பாள். அல்லது திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். எந்த ஊர், எந்தத் தேதி, கூட யார் வருகிறார்கள் என்று தேடுகிறாள்.

அப்பா கேட்டது தவறான கேள்வி அல்ல. விளையாடுகிற எல்லோருக்கும் விளையாட்டு சோறு போடாது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் சோறு போடுமா என்று தெரிவதற்கு முன்பே பல பிள்ளைகளின் ஆட்டம் நின்றுவிடுகிறது. கூட நிற்க ஆள் இல்லாததுதான் காரணம். கூட ஆள் நின்றால் என்ன நடக்கும்? உண்மையில் நடந்த ஒரு கதையைப் படிப்போம்.

நம் ஊரிலிருந்து சித்தூர், வேலூர் தாண்டிப் போனால் தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் வரும். அங்கே பெரியவடகம்பட்டி என்று ஒரு கிராமம். 1995-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. அவருக்கு 5 வயது இருக்கும்போது பள்ளிக்கு நடந்து போனார். வழியில் ஒரு பேருந்து மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிற்று. அந்தக் கால் அதற்குப் பிறகு சரியாக வளரவில்லை.

அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா சரோஜா தனியாகப் பிள்ளைகளை வளர்த்தார். செங்கல் சுமந்தார். பிறகு காய்கறி விற்றார். ஒரு நாளைக்கு 100 ரூபாய் கிடைத்தால் பெரிது. மகனின் வைத்தியத்துக்கு 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். அந்தக் கடனைப் பல ஆண்டுகள் அடைத்துக்கொண்டே இருந்தார்.

கால் ஊனமான பையனை வீட்டில் உட்கார வைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சரோஜா அப்படிச் செய்யவில்லை. பள்ளிக்கு அனுப்பினார். மைதானத்துக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பையனுக்கு முதலில் வாலிபால்தான் பிடித்தது. பள்ளியில் ராஜேந்திரன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். நாம் பி.டி. சார் என்று சொல்வோமே, அவர்தான். அவர் பையன் துள்ளுவதைப் பார்த்தார். "உயரம் தாண்டிப் பார்" என்றார். இப்படிச் சொல்ல ஒரு கண் வேண்டும். மற்றவர்கள் அந்தக் காலில் ஊனத்தைப் பார்த்தார்கள். இவர் இன்னொரு காலில் பலத்தைப் பார்த்தார்.

14 வயதில் மாரியப்பன் ஒரு போட்டியில் கலந்துகொண்டார். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள். அவர்களோடு தாண்டி இரண்டாம் இடம் பெற்றார்.

பள்ளி ஆசிரியரால் ஓர் அளவு வரைக்கும்தான் கற்றுக்கொடுக்க முடியும். அதற்கு மேல் அந்த ஒரே விளையாட்டைக் கரைத்துக் குடித்த ஆள் தேவை. 2013-இல் மாற்றுத் திறனாளிகளுக்கான தேசியப் போட்டியில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் மாரியப்பனைப் பார்த்தார். 2015-இல் பெங்களூருக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்.

ஒலிம்பிக் போட்டி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முடிந்ததும் அதே ஊரில் மாற்றுத் திறனாளிகளுக்கு உலகப் போட்டி நடக்கும். அதன் பெயர் பாராலிம்பிக். 2016 செப்டம்பரில் பிரேசில் நாட்டில் ரியோ நகரத்தில் நடந்தது. அங்கே மாரியப்பன் 1.89 மீட்டர் உயரம் தாண்டினார். தங்கப் பதக்கம்!

உயரம் தாண்டும் விதி எளிது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு குச்சி வைத்திருப்பார்கள். குச்சி விழாமல் தாண்ட வேண்டும். தாண்டத் தாண்டக் குச்சியை உயர்த்துவார்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியே. கடைசி வரை குச்சியைத் தட்டாமல் போகிறவர் மிகவும் குறைவு. தங்கம் வாங்கியவரும் பெரும்பாலும் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். இது எனக்கு மிகவும் பிடித்த விதி.

தமிழ்நாடு அரசு அவருக்கு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. ஆனால் கதை பரிசோடு நிற்கவில்லை. 2021-இல் டோக்கியோவில் மறுபடி பாராலிம்பிக். அன்று மழை. காலுறை நனைந்துவிட்டது. 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். 2024-இல் பாரிஸ் நகரத்தில் 1.85 மீட்டர். வெண்கலம். எண்களைக் கவனியுங்கள். உயரம் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் மூன்று போட்டியிலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. எட்டு ஆண்டுகள் ஒருவர் உலகத்தின் முதல் மூன்று இடத்துக்குள் நிற்பது லேசான காரியம் இல்லை.

அதே சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டி என்று இன்னொரு கிராமம். கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊர். அப்பா சேலைத் தறியில் கூலி வேலை. அம்மா சாலையோரம் கடை போட்டிருந்தார். ஐந்து பிள்ளைகளில் நடராஜன் மூத்தவர். நம் ஊர்ப் பையன்களைப் போல டென்னிஸ் பந்தில்தான் ஆடினார்.

அதே ஊரில் ஜெயப்பிரகாஷ் என்று ஓர் அண்ணன். அவர் ஆசிரியர் அல்ல. சம்பளம் வாங்கும் பயிற்சியாளரும் அல்ல. பக்கத்துத் தெரு அண்ணன், அவ்வளவுதான். இந்தப் பையன் பந்து வீசுவதைப் பார்த்தார். சென்னையில் சங்க அணிகளில் ஆட வழி காட்டினார்.

நடராஜன் 2015-இல் தமிழ்நாடு அணியில் ஆடினார். உடனே ஒரு சிக்கல். பந்து வீசும்போது கையை விதிக்கு மேல் மடக்கி நீட்டுகிறாரோ என்று நடுவர்களுக்குச் சந்தேகம். முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டக் கூடாது என்பது விதி. பழகிய கையை மாற்றுவது எவ்வளவு கஷ்டம்! 30 வயதுக்கு மேல் பேனா பிடிக்கப் பழகிய நமக்கு அது நன்றாகத் தெரியும். சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் உதவினார்கள். நடராஜன் மறுபடி முதலிலிருந்து கற்றார். திரும்பி வந்தார்.

2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரத்தில் டெஸ்ட் ஆட்டம். ஒரே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் முதன்முதலாக ஆடிய இந்தியர் அவர்தான்.

தன் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று எழுதிப் போட்டு ஆடினார். ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ் அண்ணன். பிறகு சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. அதற்கு முன்பே ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கிடைக்கச் செய்திருந்தார். அதே ஊர்ப் பெரியசாமி அப்படி வளர்ந்து தமிழ்நாடு அணியில் ஆடியவர்.

நம் ஆந்திர மாநிலத்திலும் ஆள் உண்டு. ஸ்ரீகாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லீஸ்வரி 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ எடை தூக்கினார். வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கிற வீட்டில் இந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கூலிக்காரர் வீட்டுக்குத் திரும்புவோம். அம்மா தாளைப் படித்து முடித்துவிட்டாள். கையெழுத்துப் போடலாமா?

போடுவதற்கு முன் அவள் மைதானத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். மகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். வெளியூர் போகும்போது பெண் பிள்ளைகளோடு ஆசிரியை யாராவது வருகிறாரா என்று கேட்க வேண்டும். கேட்டால் சார் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார். பெற்றோர் வந்து கேட்டார்களே என்று சந்தோஷப்படுவார்.

எல்லாக் கையும் நல்ல கை அல்ல. அடித்துப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். 'தேர்வு செய்கிறேன், பணம் கொடு' என்பவர்கள் இருக்கிறார்கள். தொடக் கூடாத விதத்தில் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை திடீரென்று மைதானத்துக்குப் போக மறுத்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் காரணம் கேளுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு ஆகாது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. ஓடுகிற பிள்ளைக்கு டப்பாவில் விற்கும் மாவு தேவை இல்லை. கேழ்வரகுக் களி போதும். நாம் களி என்போம். தெலுங்கு வீட்டில் சங்கடி என்பார்கள். கூட ஒரு கை வேர்க்கடலை. முடிந்தால் ஒரு முட்டை. நிறையத் தண்ணீர்.

அடிபட்டால் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது புத்தூர்க் கட்டு. பல மாநிலத்திலிருந்து ஆட்கள் வருகிற ஊர் அல்லவா? இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்பு உடைந்ததா, தசை பிடித்ததா என்று கையால் தடவி மட்டும் எப்போதும் சொல்ல முடியாது. வலியோடு ஓட வைக்காதீர்கள்.

போட்டியில் கொடுக்கும் சான்றிதழை அன்றைக்கே படித்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, விளையாட்டின் பெயர், மண்டலமா மாவட்டமா என்ற விவரம் எல்லாம் சரியா? ஓர் எழுத்துத் தவறு இருந்தாலும் அப்போதே திருத்தி வாங்குங்கள். கல்லூரியிலும் வேலையிலும் விளையாட்டுக்கு ஒதுக்கீடு உண்டு. அன்றைக்கு அந்தத் தாள்தான் பேசும். அதை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. போட்டி நாளன்று அப்பா கூலிக்குப் போகவில்லை. மைதானத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். மகள் நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவர் கேட்டார்: "மறுபடி எப்போது போட்டி?"

செய்து பாருங்கள்

தையற்காரரிடம் டேப் வாங்கி வாருங்கள். அதன் நீளம் 150 சென்டிமீட்டர். மாரியப்பன் தாண்டியது 1.89 மீட்டர், அதாவது 189 சென்டிமீட்டர். 189-இல் 150 போனால் மீதி எவ்வளவு? உங்கள் வீட்டு வாசல் நிலையில் தரையிலிருந்து 150 அளந்து, மேலே மீதியையும் அளந்து, சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். உங்கள் பிள்ளையை அதன் பக்கத்தில் நிற்க வையுங்கள். பிள்ளையின் தலைக்கும் கோட்டுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதுங்கள். தேதியையும் எழுதுங்கள். அடுத்த பொங்கலுக்கு மறுபடி அளக்கலாம்.