கல்லுப்பட்டியில் வேன் ஏறி... குற்றாலம் வரை ஒரு குடும்பப் பயண வழிகாட்டி

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏறி இறங்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த வண்டியில் குடும்பத்தோடு வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். பக்கத்துக் கேரளமும் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கேரவனில் நாலைந்து பேர்தான் படுக்க முடியும். நம் டி. கல்லுப்பட்டியில் ஒரு வீடு கிளம்பினால் அப்பத்தா, சித்தப்பா வீடு, மதினியின் தங்கச்சி, கூடப் படித்த நண்பனின் குடும்பம் என்று தலை பதினைந்தைத் தாண்டும். நமக்கு வாய்த்த கேரவன் டூரிஸ்ட் வேன்தான்.

ஊரிலிருந்து குற்றாலம் சுமார் 120 கிலோமீட்டர். திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 744 நம் ஊர் வழியாகத்தான் போகிறது. கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, அப்புறம் அருவி. நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அப்படிப் போவதற்கு வேன் எதற்கு, பஸ்ஸே போதும். வழியில் எங்கே திரும்புவது, எங்கே திரும்பாமல் விடுவது என்பதில்தான் இந்தப் பயணத்தின் சூட்சுமம் இருக்கிறது. அரை நாளுக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் திணித்தால் எந்த இடத்தையும் பார்த்த மாதிரி இருக்காது.

முதலில் வண்டி

தலையை எண்ணுங்கள். மடியில் உட்காரும் குழந்தையையும் சேர்த்தே எண்ணுங்கள். 17 சீட் வண்டியில் 23 பேரை அடைத்துப் போய் விபத்து என்று வந்துவிட்டால், இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது எத்தனை பேர் ஏறினீர்கள் என்பதைத்தான்.

மஞ்சள் போர்டு வண்டி மட்டும் எடுங்கள். "நம்ம பையன் வண்டிதான், ஒயிட் போர்டு, ஆயிரம் ரூபாய் குறையும்" என்று யாராவது சொல்வார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. வழியில் பிடித்தால் குடும்பமே ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். வண்டி நம்பரை எம்பரிவாஹன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாலருவி, தென்மலை என்று புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டுகிற யோசனை இருந்தால், கேரளத்துக்கு பர்மிட் உண்டா, இல்லையென்றால் அந்தச் செலவு யாருடையது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

வாடகையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓனரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா?" கிலோமீட்டர் கணக்கு என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். அது 250 என்று வையுங்கள். இரண்டு நாளுக்கு 500. போக வர 240, கிளைப்பாதைகளும் உள்ளூர் சுற்றலும் 120 என்று நீங்கள் ஓடப்போவது 360தான். ஓடாத 140 கிலோமீட்டருக்கும் காசு போகும். இந்த மாதிரிச் சின்ன தூரத்துக்கு நாள் வாடகை பேசி டீசலை நாம் போட்டுக்கொள்வதே பெரும்பாலும் லாபம். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்றாலும் 40 லிட்டர் டீசல். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைப் பேசுங்கள்.

டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனியா சேர்த்தா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'நாள்' என்பது எது என்பதையும் கேளுங்கள். பல ஓனர்களுக்கு ராத்திரி 12 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் இரண்டே மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை கரைந்துவிடும். கிளம்பும்போது கிலோமீட்டர் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

ஆளும் காசும்

சொந்தக்காரர்களும் நண்பர்களும் கலந்து போகும் வண்டியில் சண்டை பெரும்பாலும் காசில்தான் வரும். ஒரே ஆளிடம் பணப்பை இருக்கட்டும். அதிகம் சம்பாதிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள், நோட்டில் எழுதுகிற பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். பெரியவர்களுக்கு முழுப் பங்கு, பத்து வயதுக்குக் கீழே அரைப் பங்கு, அப்பத்தாவுக்குப் பங்கே கிடையாது. கிளம்புவதற்கு முதல் வாரமே வசூலித்துவிடுங்கள். "வந்து பார்த்துக்கலாம்" என்று சொன்னவர் வந்த பிறகு பார்த்ததில்லை.

இன்னொரு பேச்சையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். குற்றாலம் என்றதும் சில ஆம்பளைகளுக்கு அருவிக்கு முன்னால் வேறொன்று ஞாபகம் வரும். குடும்பம் போகிற வண்டியில் அது கூடாது. யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நல்லது.

ஏறுமிடம் ஒன்றாகவே இருக்கட்டும். பேரையூரில் இரண்டு பேர், திருமங்கலத்தில் மூன்று பேர் என்று பொறுக்கிக்கொண்டு போனால் விடிந்துவிடும். வெளியூர் ஆட்கள் முதல் நாள் மாலையே வந்து தங்கட்டும். சீக்கிரம் வந்துவிட்டால் காந்தி நிகேதன் ஆசிரமத்தைக் காட்டுங்கள். 1940இல் ஜி. வேங்கடாசலபதி தொடங்கியது. கிராமப் பொருளாதாரத்துக்காகவே வாழ்ந்த ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் இங்கேதான் குடியிருந்தார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளன்றே அவர் காலமானார். உள்ளூர்க்காரர்களே பலர் வாசலோடு போய்வருகிற இடம் அது.

சாப்பாடு

அடுப்பையும் சிலிண்டரையும் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டர்தான் காரணம். வேனில் அந்தப் பெட்டி அளவுக்குக்கூட வழி கிடையாது, ஒரே கதவு. சூடாகச் சமைத்தே ஆக வேண்டுமென்றால் குற்றாலத்தில் சமையலறையோடு காட்டேஜ் பிடியுங்கள். அரிசி, பருப்பு, பொடிகளை மட்டும் கட்டிக்கொண்டு போங்கள்.

முதல் நாளைக்குக் கட்டுச்சோறு. காலைக்கு இட்லி. மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி அடுக்கினால் சட்னி தேவையில்லை. சட்னிதான் முதலில் ஊசிப்போகும். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். தயிர்சாதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதத்தைக் குழைய வடித்து, சூடு ஆறும் முன்பே காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி மசியுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் சாதத்துக்கு ஒரு ஸ்பூன் என்ற அளவில் மட்டும் தயிர் சேருங்கள். இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டலாம், வெங்காயம் கூடாது. விடியற்காலையில் பிசைந்தது மதியம் ஒரு மணிக்கு உறைந்து பதமாக இருக்கும், புளிப்பு ஏறாது. பாத்திரத்தை எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள்.

20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, டம்ளர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. காட்டுப் பக்கம் போனால் செக்போஸ்ட்டிலேயே பையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

ஏறி உட்காருவது

வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட், ஜன்னலோரம், கையில் ஒரு எலுமிச்சம்பழம். மூட்டுவலிக்காரர்கள் கதவுக்குப் பக்கம். கடைசி சீட் பின் சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும், அது இளவட்டங்களுக்கு. பெட்டிகளைக் கேரியரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். புளியங்குடி தாண்டினால் சாரல் எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. மாத்திரைப் பை, ஒரு மாற்றுத்துணி, குடை மூன்றும் கேரியருக்குப் போகக்கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று டிரைவர் தம்பியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்புவதும் திரும்பாததும்

காலை 5 மணிக்கு வண்டி நகர வேண்டும். சாலை வேலை நடந்தால் ஆங்காங்கே மாற்றுப்பாதை வரும், பலகையைப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலை இப்போதே பார்த்துவிட வேண்டும். பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். தரிசனம் முடித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரியுங்கள். பால்கோவா வாங்க இப்போதே கை பரபரக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் ஆயிற்றே. ஆனால் அது நாலு நாள் தாங்கினாலே அதிகம். திரும்பும்போது வாங்குங்கள்.

அடுத்து செண்பகத்தோப்புக்குப் போகலாமா என்று ஒரு குரல் வரும். 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலையடிவாரம் அது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆனது. அணில் பார்க்கச் சத்தமில்லாமல் அண்ணாந்து நிற்க வேண்டும். பதினேழு பேர் சத்தமில்லாமல் நிற்பது நடக்கிற காரியமா? நாலு பேராகப் போகும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சதுரகிரி மலைக்கோயிலும் அப்படித்தான். கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பு, தாணிப்பாறை என்று போகும் பாதையைப் பார்த்ததும் "இவ்வளவு பக்கமா?" என்று தோன்றும். அடிவாரம்தான் பக்கம். ஏறி இறங்க ஒரு முழு நாள் வேண்டும். அனுமதி நாளையும் நேரத்தையும் வனத்துறை மாற்றிக்கொண்டே இருக்கும். 2015 மே மாதம் ஓடையில் திடீரென வந்த வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. குழந்தை, முதியவர்களோடு போகும் பயணத்தில் அதைச் சேர்க்கவே கூடாது என்பது என் முடிவு. அதே பாதையில் பிளவக்கல் அணை இருக்கிறது. அப்பத்தா இறங்கி நடக்கலாம், பிள்ளைகள் ஓடலாம். மலையை ஒட்டிய இடம். திரும்பி வரும் நாள் மாலைக்கு அது சரியாக இருக்கும்.

முதல் நாள் நேராகக் குற்றாலம். மதியத்துக்குள் காட்டேஜ். பெண்களுக்குக் கழிப்பறைதான் இந்தப் பயணத்தின் பெரிய கவலை, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல பெட்ரோல் பங்க்கில் நிறுத்துங்கள். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றுக்கும் தடை உண்டு. போலீஸ் குளிக்க வேண்டாம் என்றால் வாக்குவாதம் வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடியில் வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிர் போனது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்திருக்கும். மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால், பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விடியற்காலைக் குளியலுக்குக் கூட்டம் குறைவு. மாலையில் நடராஜரின் சித்திரசபைக்கு நடந்து போய்விட்டு வாருங்கள்.

மறுநாள் திரும்பும் வழியைப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கோயில் என்றால் சங்கரன்கோவில் வழி; கொஞ்சம் சுற்று. கோயில் போதும் என்றால் வந்த வழியே வந்து பிளவக்கல். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இருட்டிவிடும்.

டிரைவர்

அவருக்கு இரவில் ஒரு கட்டில் வேண்டும். வண்டியில் படுத்துக்கொள்வேன் என்று அவரே சொல்வார். கொசுக்கடியில் விடிய விடியப் புரண்ட மனிதரிடம்தான் மறுநாள் பதினேழு உயிர்களைக் கொடுக்கப் போகிறீர்கள். நம்மோடு உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள். ஊர் வந்ததும் கணக்கை அன்றே தீர்த்து, பேட்டாவை அவர் கையிலேயே கொடுங்கள்.

கடைசியாக, வண்டி எப்போது பேசுவது என்பது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி கூட்டம், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக் கூட்டம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நம் ஏழூர்ச் சப்பரத் திருவிழா. இந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் வேன் கிடைக்காது. ஆடிச் சாரலுக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஆனி பிறந்ததுமே அட்வான்ஸைக் கொடுத்துவிடுங்கள்.